நாத்தான் ஷரான்ஸ்கி: சோவியத் சிறையிலிருந்து இஸ்ரேல் அமைச்சரவைக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஷரான்ஸ்கி?

சோவியத் யூனியனைவிட்டு இஸ்ரேலுக்குப் போக அனுமதி கேட்ட ஒரே காரணத்துக்காக அரசின் எதிரியாக மாற்றப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் சிறையிலும் உழைப்பு முகாமிலும் கிடந்தவர். 1986இல் விடுதலையாகி இஸ்ரேல் சென்றார். பத்தே ஆண்டுகளில் ஒரு கட்சியைத் தொடங்கித் தேர்தலில் நின்று அமைச்சரானார். 1996 முதல் 2005 வரை நான்கு அமைச்சரவைகளில் இடம்பெற்றார். பிறகு 2009இலிருந்து 2018 வரை, உலக யூதர்களை இஸ்ரேலுடன் இணைக்கும் யூத முகமையின் தலைவராக இருந்தார்.

அவரைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பாதிதான். சிலருக்கு அவர் சிறையை வென்ற வீரர். சிலருக்குப் பாலஸ்தீன நிலத்தில் வீடு கட்டிய அரசின் அமைச்சர். இரண்டும் ஒரே மனிதர்தான். ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்வது அவருக்கும் நியாயமில்லை, வாசகருக்கும் நியாயமில்லை.

அவர் பெயர் அனதோலியா, நாத்தானா?

பிறந்தபோது அனதோலி. 1948 ஜனவரி 20 அன்று, உக்ரைனின் நிலக்கரி நகரமான ஸ்டாலினோவில் பிறந்தார். அந்த நகரத்தின் இன்றைய பெயர் தோனெத்ஸ்க். இஸ்ரேல் சென்றதும் நாத்தான் என்ற எபிரேயப் பெயரை ஏற்றார். தாவீது மன்னனின் முகத்துக்கு நேரே 'நீயே அந்த மனுஷன்' என்று குற்றத்தைச் சுட்டிய தீர்க்கதரிசியின் பெயராகத் தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

மதமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர் எப்படி சியோனிஸ்ட் ஆனார்?

வீட்டில் எபிரேயம் இல்லை, பண்டிகை இல்லை, தொழுகை இல்லை. ஆனால் சோவியத் அடையாள அட்டையில் 'தேசிய இனம்' என்று ஒரு வரி உண்டு. அது ஐந்தாவது வரி. அதில் 'யூதர்' என்று எழுதியிருக்கும். யூதனாக வாழ ஒரு வழியும் தராத நாடு, யூதன் என்பதை மறக்கவும் விடவில்லை. பல்கலைக்கழக இடம், வேலை, பதவி உயர்வு எல்லாவற்றிலும் அந்த ஒரு வரி குறுக்கே வந்து நிற்கும்.

அதிலிருந்து தப்பிக்கும் வழியாக அவர் கண்டது திறமை. சதுரங்கம் ஆடினார்; பதினைந்தாவது வயதில் தன் ஊரின் சாம்பியன். பிறகு மாஸ்கோவின் இயற்பியல் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதம் படித்தார். விஞ்ஞானம் என்ற கோட்டைக்குள் புகுந்துவிட்டால் அரசியல் அண்டாது என்று நம்பிய தலைமுறை அது.

இஸ்ரேலுக்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் 1967 ஜூன் மாதம் நடந்த ஆறு நாள் போர் அதை மாற்றியது. இஸ்ரேல் வென்ற செய்தி வந்ததும், அதுவரை யூதர்களைக் கோழைகள் என்று ஏளனம் செய்த அக்கம்பக்கத்தார் வேறு விதமாகப் பேசத் தொடங்கினார்கள். தன்னை யாரோ ஒரு தொலைதூர நாட்டோடு சேர்த்தே உலகம் பார்க்கிறது என்றால், அந்த நாடு எது, தான் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? தேடல் அங்கே தொடங்கியது.

சியோனிசம் என்றாலே பாலஸ்தீனர்களின் துயரம்தானே நினைவுக்கு வருகிறது?

வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற இயக்கம் நிறைவேறிய அதே 1948இல்தான் ஏழு இலட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அதை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் பேச முடியாது.

ஆனால் 1973இல் மாஸ்கோவில் ஓர் இளைஞனுக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. 'என் பாட்டன் பூட்டன் மொழியைப் படிக்க விடு. இல்லையேல் என்னைப் போக விடு' என்பதுதான் அங்கே சியோனிசம். எபிரேய மொழியை நாலு பேர் வீட்டுக்குள் ரகசியமாகக் கற்றார்கள். கற்பித்தவர்களைக் காவல் பிடித்துச் சென்றது. ஒரே சொல் ஓரிடத்தில் விடுதலையாகவும் இன்னோரிடத்தில் இழப்பாகவும் இருக்கிறது. ஷரான்ஸ்கியின் வாழ்க்கை இந்த இரண்டு இடங்களிலும் நடந்தது.

'ஒட்காஸ்னிக்' என்கிறார்களே, அது என்ன?

'மறுக்கப்பட்டவர்' என்று பொருள்படும் ரஷ்யச் சொல். நாட்டைவிட்டுப் போக விண்ணப்பித்து, மறுக்கப்பட்டவர்கள். விண்ணப்பித்த அன்றே வேலை ஆட்டம் காணும். வேலை போனால் 'ஒட்டுண்ணி வாழ்க்கை' என்ற குற்றம் காத்திருக்கும். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. ஷரான்ஸ்கி 1973இல் விண்ணப்பித்தார். பாதுகாப்புக் காரணம் காட்டி மறுத்தார்கள்.

மனைவி அவித்தாலை விட்டு இவர் மட்டும் அங்கே தங்கியது ஏன்?

மறுக்கப்பட்டவர்களின் வட்டத்தில்தான் இருவரும் சந்தித்தார்கள். 1974 ஜூலை 4 அன்று திருமணம். அவித்தாலுக்கு வெளியேற அனுமதி கிடைத்திருந்தது. மறுநாளே கிளம்ப வேண்டும், இல்லையேல் அது காலாவதியாகிவிடும். இன்னும் சில மாதங்களில் நானும் வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார் கணவர். அந்தச் சில மாதங்கள் பதினோரு ஆண்டுகளைத் தாண்டின.

கூச்ச சுபாவமுள்ள, ஆங்கிலம் அதிகம் தெரியாத அந்த இளம்பெண் ஊர் ஊராக, நாடு நாடாகப் போனார். நாடாளுமன்றங்களின் வாசலிலும் அதிபர்களின் அறையிலும் கணவரின் படத்தோடு நின்றார். சிறைக்குள் இருந்தவரின் பெயர் உலகம் முழுவதும் தெரிந்தது என்றால் அதில் பெரும்பங்கு அவித்தாலுக்குத்தான். ஒரு மனிதனின் வீரத்தைப் பேசும்போது இதை ஓரத்தில் தள்ளுவது எனக்கு ஒப்பாது.

சகாரோவுடன் என்ன தொடர்பு?

அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளரும் மனித உரிமைப் போராளியுமான ஆந்திரேய் சகாரோவுக்கு வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். ஆங்கிலம் தெரிந்த ஷரான்ஸ்கி அந்தப் பணியைச் செய்தார். 1976 மே மாதம் யூரி ஓர்லோவ் தலைமையில் மாஸ்கோ ஹெல்சிங்கி குழு உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரானார். முந்தைய ஆண்டு ஹெல்சிங்கியில் சோவியத் அரசு கையெழுத்திட்ட மனித உரிமை வாக்குறுதிகளை அது மீறும்போதெல்லாம் பதிவுசெய்து உலகுக்குச் சொல்வது அந்தக் குழுவின் வேலை.

யூத ஆர்வலர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 'நமக்கு இந்த நாட்டைத் திருத்தும் வேலை எதற்கு? நாம் போகப் போகிறவர்கள்' என்றார்கள். ஷரான்ஸ்கி கேட்கவில்லை. ஸ்டாலின் காலத்தில் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட கிரிமியத் தாத்தார்களுக்காகவும் பெந்தெகொஸ்தே கிறித்தவர்களுக்காகவும் வாய்திறக்காதவன் தன் இனத்துக்காக மட்டும் நீதி கேட்பது பாதி நீதி என்பதே அவருடைய நடத்தை சொன்ன செய்தி. அவருடைய பிற்கால அரசியலை எடைபோட நமக்குக் கிடைத்திருக்கும் படிக்கல்லும் இதுதான்.

அவர் உண்மையில் அமெரிக்க உளவாளியா?

இல்லை. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே 1977இல் வெளிப்படையாக மறுத்தார். வேலை செய்த இடம் ரகசியமானது என்று காரணம் காட்டி யாருக்கெல்லாம் அனுமதி மறுக்கப்பட்டது என்ற பட்டியலை மறுக்கப்பட்டவர்களே தயாரித்து வெளியுலகுக்குச் சொன்னார்கள். அந்தப் பட்டியலைத்தான் அரசு உளவு என்றது. அவரோடு பழகிய லிபாவ்ஸ்கி என்பவர் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் ஆள். 1977 மார்ச் 4 அன்று அரசு நாளிதழான இஸ்வெஸ்தியாவில் லிபாவ்ஸ்கி எழுதியதாக இந்தக் குற்றச்சாட்டு வெளியானது. மார்ச் 15 அன்று ஷரான்ஸ்கி கைதானார்.

வழக்கில் என்ன நடந்தது?

1978 ஜூலையில் நீதிமன்ற விசாரணை. தேசத்துரோகம் என்ற பிரிவுக்கு மரண தண்டனைகூட விதிக்கலாம். அதற்கு முந்தைய பதினாறு மாதப் புலன்விசாரணையில் அதை நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். அரசு கொடுத்த வழக்கறிஞரை அவர் ஏற்கவில்லை, தானே வாதாடினார். பதின்மூன்று ஆண்டுத் தண்டனை.

கடைசியாகப் பேச அனுமதித்தபோது அவர் நீதிபதியைப் பார்த்துப் பேசவில்லை. தாயை உள்ளே விடவில்லை. அண்ணன் லியோனித் மட்டும் அமர்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் மனதில் வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் தன் மக்கள் ஆண்டுதோறும் சொல்லும் வாசகத்தை, அவர்களையும் அவித்தாலையும் நோக்கிச் சொன்னார்: 'அடுத்த ஆண்டு ஜெருசலேமில்!' பிறகு நீதிமன்றத்தின் பக்கம் திரும்பி, முன்பே எழுதப்பட்ட தீர்ப்பை வாசிக்க வந்தவர்களிடம் சொல்லத் தனக்கு எதுவும் இல்லை என்று முடித்தார்.

சிறையில் எப்படித் தாக்குப்பிடித்தார்?

லெஃபோர்த்தோவோ, விளதீமிர், சிஸ்தொபோல், பெர்ம் 35 என்று பல இடங்கள். அதில் 405 நாட்கள் தண்டனை அறையில். இருட்டு, குளிர், மெல்லிய உடை, ரொட்டியும் வெந்நீரும். படிக்க எதுவும் கிடையாது, பேச ஆள் கிடையாது. அங்கே அவர் மனத்துக்குள் சதுரங்கம் ஆடினார். கறுப்பும் அவரே, வெள்ளையும் அவரே. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள், அத்தனையிலும் தானே வென்றதாகப் பின்னாளில் சொல்வார்.

அவித்தால் கொடுத்தனுப்பிய, விவிலியத்தின் சங்கீதங்கள் அடங்கிய, உள்ளங்கையில் அடங்கும் எபிரேயப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பறித்தபோதெல்லாம் வேலை மறுத்தார், தண்டனை அறைக்குப் போனார், திரும்பப் பெற்றார். தெரிந்த கொஞ்சம் எபிரேயத்தை வைத்துச் சொல் சொல்லாகக் கூட்டிப் படித்தார். 'நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்' என்ற 23ஆம் சங்கீதத்தின் வரியிலிருந்துதான் பிறகு தன் சிறை நினைவு நூலுக்குப் பெயர் எடுத்தார்.

1982இல் கடிதங்களைத் தடுத்ததற்காக யூதர்களின் பாவநிவாரண நோன்பு நாளான யோம் கிப்பூரில் உண்ணாவிரதம் தொடங்கினார்; 110 நாட்கள் நீடித்தது. பலவந்தமாகக் குழாய் வழியே உணவு செலுத்தினார்கள்.

அவர் சொன்னவற்றில் எனக்கு மறக்காதது பெர்ம் முகாமில் நடந்த ஹனுக்கா. அந்தத் தீபத் திருநாளுக்குக் கைதி நண்பர்கள் மரத்தில் ஒரு விளக்குத்தண்டு செய்து கொடுத்தார்கள். யூதர் இவர் ஒருவர்தான். ஆனாலும் எல்லோரும் கூடி நின்றார்கள். சில நாட்கள் ஏற்றியதும் அதிகாரிகள் பறித்தார்கள். இவர் உண்ணாவிரதம் இருந்தார். மேலிடத்திலிருந்து குழு வரும் நேரம் என்பதால் முகாம் தலைவருக்குப் பதற்றம். கூப்பிட்டுச் சமாதானம் பேசினார். ஷரான்ஸ்கி ஒரு நிபந்தனை வைத்தார்: இங்கேயே, உங்கள் மேசையிலேயே ஏற்றுகிறேன், நீங்கள் தொப்பியோடு எழுந்து நிற்க வேண்டும், முடிவில் ஆமென் சொல்ல வேண்டும். எட்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன. எபிரேயத்தில் தானே ஒரு பிரார்த்தனையைக் கட்டினார்: எங்களை ஒடுக்குகிறவர்கள் எங்கள் முன் நின்று எங்கள் பிரார்த்தனையைக் கேட்டு ஆமென் சொல்லும் நாள் வரட்டும் என்று. மொழி புரியாத அதிகாரி, முடிந்ததே என்ற நிம்மதியில் 'ஆமென்' என்றார். மெழுகு மேசைமேல் உருகி வழிந்துகொண்டிருந்தது.

பாலத்தில் விடுதலையான கதை என்ன?

1986 பிப்ரவரி 11. பெர்லினையும் பொட்ஸ்டாமையும் இணைக்கும் கிளீனிக்கெ பாலம். கிழக்கும் மேற்கும் உளவாளிகளைப் பரிமாறிக்கொள்ளும் இடம். ஷரான்ஸ்கி உளவாளி அல்ல என்பதைக் காட்ட, மற்றவர்களுக்கு முன்பே அவரைத் தனியாக நடக்கவிட வேண்டும் என்று அமெரிக்கா வற்புறுத்தியது.

மாஸ்கோவில் விமானம் ஏறும் முன் சங்கீதப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பனியில் அப்படியே படுத்துவிட்டார், கொடுத்தால்தான் எழுவேன் என்றார், கொடுத்தார்கள். கிழக்கு பெர்லினில் இறங்கியதும் 'நேராக நடந்து அந்தக் காருக்குப் போ' என்று கேஜிபி ஆட்கள் கட்டளையிட்டார்கள். வளைந்து வளைந்து நடந்தார். ஒன்பது ஆண்டுகளில் அவர்களுடைய எந்தக் கட்டளைக்கும் மனம் இணங்காதவர், கடைசி ஐம்பது அடியிலும் இணங்கவில்லை. பாலத்தில் எல்லைக்கோடு எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தாண்டிக் குதித்தார். கொடுத்திருந்த தொளதொள கால்சட்டையின் கயிறு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டேதான் விடுதலைக்குள் நுழைந்தார்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் அவித்தால் காத்திருந்தார். எபிரேயத்தில் ஷரான்ஸ்கி சொன்ன முதல் வார்த்தைகள்: 'மன்னித்துக்கொள், கொஞ்சம் தாமதமாகிவிட்டது.' அன்று இரவே இருவரும் இஸ்ரேலில் இறங்கினார்கள்.

அரசியலுக்கு ஏன் வந்தார்?

1989க்குப் பிறகு சோவியத் கதவுகள் திறந்தன. ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் பத்து இலட்சம் பேர் இஸ்ரேலில் குடியேறினார்கள். பொறியாளர் தெருக் கூட்டினார், வயலின் கலைஞர் காவலாளி வேலை பார்த்தார், மருத்துவர் மீண்டும் தேர்வெழுதக் காத்திருந்தார். முதலில் அவர்களுக்காக ஓர் அமைப்பு நடத்தினார். பெரிய கட்சிகளின் கதவைத் தட்டிப் பயனில்லை என்று கண்டபின், 1996 தேர்தலுக்கு 'இஸ்ரேல் பஅலியா' என்ற கட்சியோடு வந்தார். அலியா என்றால் ஏறுதல்; இஸ்ரேலுக்குக் குடிபெயர்தலையும் அதே சொல்லால் குறிப்பார்கள். 120 இடங்களில் 7ஐ முதல் தேர்தலிலேயே வென்றது.

எந்தெந்தத் துறைகளை வகித்தார்?

1996 முதல் 1999 வரை நெதன்யாகு அரசில் தொழில், வர்த்தகம். 1999இல் எகூத் பராக் அரசில் உள்துறை. 2001 முதல் 2003 வரை ஏரியல் ஷரோன் அரசில் வீட்டுவசதித் துறையும் துணைப் பிரதமர் பொறுப்பும். 2003 முதல் 2005 வரை ஜெருசலேம், புலம்பெயர் யூதர் விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சர்.

வர்த்தக அமைச்சராக இருந்தபோது, 1997 ஜனவரியில், மாஸ்கோவுக்கு அரசு விருந்தினராகப் போனார். லெஃபோர்த்தோவோ சிறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, மனைவியோடு உள்ளே போய், தண்டனை அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

உள்துறைக்கு மட்டும் ஏன் அவ்வளவு போட்டி?

இஸ்ரேலில் ஒருவர் யூதரா இல்லையா என்பதைப் பதிவேட்டில் எழுதும் துறை அது. 1970இல் திருத்தப்பட்ட குடியேற்றச் சட்டப்படி யூதத் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் குடியுரிமை உண்டு. மதச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால்தான் யூதர். ரஷ்யாவிலிருந்து வந்தவர்களில் இலட்சக்கணக்கானோர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டினார்கள். குடிமகனாகலாம், படையில் சேரலாம், ஆனால் அந்த நாட்டுக்குள் திருமணம் செய்துகொள்ள முடியாது. பலர் சைப்ரஸ் போய் மணமுடித்தார்கள். அந்தத் துறை ஷாஸ் என்ற மதவாதக் கட்சியின் கையில் இருந்தது. 'உள்துறை ஷாஸ் கட்டுப்பாட்டிலா? இல்லை, நாஷ் கட்டுப்பாட்டில்' என்பது 1999 தேர்தலில் இவர் கட்சியின் ரஷ்ய முழக்கம். நாஷ் என்றால் 'நமது'. துறை கிடைத்தது. ஆனால் ஓராண்டுதான் இருந்தார். எதுகை மோனையாகக் கேட்ட வாக்கைப் பாதியில் விட்டுவிட்டார் என்பது என் வருத்தம்.

இரண்டு முறை ராஜினாமா செய்தது எதற்காக?

2000 ஜூலையில், பாலஸ்தீனத் தலைமையுடனான காம்ப் டேவிட் பேச்சுவார்த்தைக்குப் பராக் கிளம்பியபோது, ஜெருசலேமைப் பிரிப்பதுவரை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று எதிர்த்து விலகினார். 2005 மே மாதம், காஸாவிலிருந்து ஒருதலைப்பட்சமாக வெளியேறும் ஷரோனின் திட்டத்தை எதிர்த்து விலகினார். 'நான்கு சிறைகளில் இருந்தேன், ஒன்றிலிருந்தும் ராஜினாமா செய்யவில்லை. நான்கு அரசுகளில் இருந்தேன், இரண்டிலிருந்து ராஜினாமா செய்தேன்' என்ற பொருளில் அவரே பேசுவதுண்டு.

சிறையில் 'மாட்டேன்' என்ற ஒரு சொல் போதும். அமைச்சரின் மேசையில் அது போதாது. பேரம் பேச வேண்டும், பாதியை விட்டுப் பாதியை வாங்க வேண்டும். வளைந்து நடந்து கேஜிபியை வென்றவருக்கு இந்த வேலை கடைசிவரை ஒட்டவில்லை. வந்தவர்கள் நாட்டோடு கலந்ததும் கட்சியின் தேவையும் கரைந்தது. 2003இல் இரண்டே இடங்கள், பிறகு வலதுசாரி லிக்குட் கட்சியில் இணைந்தது.

பாலஸ்தீனர்கள் பற்றி அவர் நிலைப்பாடு என்ன?

அவருடைய கோட்பாடு எளிமையானது. ஒருவர் ஊர் நடுவில் நின்று மனத்தில் பட்டதைச் சொல்லிவிட்டு, கைதாகாமல் வீடு திரும்ப முடிந்தால் அது சுதந்திரச் சமூகம். முடியாவிட்டால் அச்சச் சமூகம். அச்சச் சமூகத்தோடு செய்யும் சமாதானம் நிலைக்காது. எனவே பாலஸ்தீனர்களுக்குள் முதலில் ஜனநாயகம் வளர வேண்டும், பிறகுதான் விட்டுக்கொடுப்பு. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இந்தக் கருத்தை வெகுவாகப் போற்றினார்.

அளவுகோல் நல்ல அளவுகோல். அதனால்தான் அதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்கிறேன். 1967இல் இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரையில் பிறப்பித்த 101ஆம் ஆணைப்படி, அரசியல் பேச பத்துப் பேர் கூடுவதற்கு ராணுவத்தின் அனுமதி வேண்டும். மீறினால் பத்து ஆண்டுவரை சிறை. மேற்குக் கரை நகரமான ரமல்லாவின் நடுத்தெருவில் நிற்பவரை அச்சுறுத்துவது பாலஸ்தீன அதிகாரிகள் மட்டுமல்ல. ஷரான்ஸ்கி வீட்டுவசதி அமைச்சராக இருந்த ஆண்டுகளில், ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் எழுந்த யூதக் குடியேற்றங்களில் கட்டுமானம் தொடர்ந்தது. 2004இல் அவர் பங்கேற்ற அமைச்சரவைக் குழு, கிழக்கு ஜெருசலேமில் மேற்குக் கரைவாசிகளுக்குள்ள சொத்துகளை 'உரிமையாளர் இல்லாதவை' என்ற சட்டத்தின்கீழ் எடுத்துக்கொள்ள வழிசெய்தது. சில மைல் தள்ளி வீட்டில் உயிரோடு இருப்பவர், தன் ஒலிவத் தோட்டத்துக்கு 'இல்லாதவர்' ஆனார். 2005இல் இஸ்ரேலின் தலைமைச் சட்ட அதிகாரியே அதை நிறுத்தச் சொன்னார். கிரிமியத் தாத்தார்களுக்காகப் பேசிய இளைஞன் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

யூத முகமையில் என்ன செய்தார்?

ஜெருசலேமில் யூதர்களின் புனித இடமான மேற்குச் சுவரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழ ஓர் இடம் என்ற சமரசத் திட்டத்துக்குப் பாடுபட்டதுதான் முக்கியமானது. 2016 ஜனவரியில் அமைச்சரவை ஏற்றது. 2017 ஜூனில் மதவாதக் கட்சிகளின் அழுத்தத்தால் முடக்கியது. 2018இல் பதவி முடிந்தது; அதே ஆண்டு இஸ்ரேல் பரிசு பெற்றார்.

சதுரங்கம் என்ன ஆயிற்று?

விடவில்லை. 1996இல் சதுரங்க மேதை கேரி காஸ்பரோவ் ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது, அமைச்சர் ஷரான்ஸ்கி அவரைத் தோற்கடித்தார்.

நவால்னியுடன் கடிதத் தொடர்பு இருந்தது உண்மையா?

உண்மை. 2023 வசந்தத்தில், ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸேய் நவால்னி தண்டனை அறையில் ஷரான்ஸ்கியின் சிறை நூலைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். பெயர்கள் மாறியிருக்கின்றன, அறைகள் அப்படியே இருக்கின்றன என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் உறுதிசெய்துகொண்டார்கள். எழுபத்தைந்து வயது முன்னாள் கைதி, பாஸ்கா பண்டிகைக் காலத்தில், தன் பழைய நாட்டின் புதிய கைதிக்குப் பதில் எழுதினார். நவால்னி 2024 பிப்ரவரி 16 அன்று ஆர்க்டிக் முகாமில் இறந்தார். சில நாட்களில் கடிதங்கள் வெளியாயின.